ஏழாவது வாய்தா

மணி பதினொன்று பத்து, பட்டியலில் எங்கள் வழக்கு முப்பத்திநாலு, இப்போது கூப்பிட்டது ஒன்பது, ஒரு வழக்குக்கு மூன்று நிமிஷம் என்று வைத்தாலும் இருபத்தைந்து மூன்று எழுபத்தைந்து, பன்னிரண்டரைக்குள் வந்துவிடும், பன்னிரண்டரைக்குள் பாலும் கட்டிவிடும். காலையில் ஏழரைக்குக் கொடுத்தது. கறுப்புக் கோட்டில் ஈரம் தெரியாது என்பது இந்தக் கோட்டில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம், வெள்ளைக்காரன் எந்தப் பச்சைப்புள்ளைக்காரியை நினைத்து இதைத் தைத்தானோ. பெஞ்சில் என் இடது பக்கம் இரண்டு வக்கீல்கள் உளுந்த வடை எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று குசுகுசுக்கிறார்கள், எனக்குப் பசி வேறு, காலையில் மூன்று இட்லியில் ஒன்றைக் குட்டி பிசைந்து தரையில் பூசிவிட்டாள். எட்டு மாசம். இப்போது அவள் அப்பா கடையில் இருப்பாள். இவர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி காயில் கட்டுகிறவர், கடை உத்தரத்தில் தொட்டிலைத் தொங்கவிட்டு, ஒரு காலால் ஆட்டிக்கொண்டே கையால் கம்பி சுற்றுவார், பார்த்தால் தறி நெய்கிற மாதிரி இருக்கும். கேப்பைக் கூழ் கொடுத்திருப்பாரா. கொடுத்திருப்பார். எனக்குக் கூழ் பற்றிக் கவலை இல்லை, எனக்குக் கவலை வாக்கியம். "கொழந்தைக்கு முடியலைன்னு சொல்லு." காலையில் பஸ்ஸில் வரும்போது சீனியர் போனில் சொன்ன வாக்கியம். "தவச்செல்வி, நான் மதுரையில மாட்டிக்கிட்டேன்மா, முப்பத்திநாலுக்கு ஒரு வாய்தா வாங்கிடு." போன தடவையே நீதிபதி இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார் ஐயா என்றேன். "எல்லாத் தடவையும் கடைசிதான். கொழந்தைக்கு முடியலைன்னு சொல்லு, பச்சப்புள்ளக்காரி சொன்னா அவரு மறுக்க மாட்டாரு." வைத்துவிட்டார். ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன், நாலாவது வாய்தாவில், குழந்தைக்குக் காய்ச்சல் ஐயா என்று. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நூற்றியிரண்டு. ஊசி போட்ட காய்ச்சல்தான், நர்சு முன்னாடியே சொல்லியிருந்தார், அதெல்லாம் தெரியும், படித்தவள்தான், ஆனாலும் ராத்திரி முழுக்க அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நான் சொன்ன அந்த மூன்று சொல்லையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு மறுபடியும் சொல்ல வேண்டும். சொல்லாமல் வேறு என்ன செய்ய. பத்து. பத்தாவது வழக்குக்கு யாரும் வரவில்லை, ஒரு நிமிஷம் மிச்சம்.

வேறு என்ன செய்ய என்றால் எழுந்து நானே குறுக்கு விசாரணை செய்யலாம். வக்காலத்தில் நாலு பேர் அச்சடித்திருக்கிறது, கடைசி வரியில் என் பேர், எழுந்து கேட்டால் எதிரி தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவன் பக்கம், இன்னார் என்று என் பேரைத்தான் எழுத வேண்டும், தீர்ப்பிலும் வரும். எனக்கு வேண்டியது அதுதானே. அஞ்சரை வருஷமாக இந்தப் படிக்கட்டில் ஏறி இறங்குகிறேன், போன மாசம் அனுபவச் சான்றுக்குப் போய் நின்றால் கோர்ட் அலுவலகத்தில் இருந்த அம்மா கட்டுகளைப் புரட்டிவிட்டு, "நீங்க நடத்துன கேஸ் நம்பர் சொல்லுங்க" என்கிறார். எத்தனை நம்பர் வேண்டும், எனக்கு மனப்பாடம், சொன்னேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் சீனியர் பேர். "உங்க பேரு எதுலயும் இல்லையேம்மா, நீங்க அன்னிக்கெல்லாம் எங்க இருந்தீங்க." எங்கே இருந்தேன். இதே பெஞ்சில் இருந்தேன். ஐயா வந்துட்டிருக்காங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அஞ்சரை வருஷத்தில் அதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், ஐயா மேலூரைத் தாண்டிட்டாங்க, ஐயா செஷன்ஸ்ல இருக்காங்க, ஐயாவுக்குப் பல்வலி. ஐயாவின் பல்லுக்குக்கூட இந்தக் கோர்ட்டில் பதிவு இருக்கிறது, எனக்கு இல்லை. கேள்வியெல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதான். கர்ப்பமாக இருந்தபோது படுத்துக்கொண்டே எழுதினேன், வயிற்று மேலே பேடை வைத்து, குட்டி உள்ளேயிருந்து ஒரு உதை விட்டால் பேனா ஒரு கோடு இழுத்துக்கொண்டு போகும், அந்தக் கோட்டோடுதான் சீனியர் கேட்டார், ஜெயித்தார், லட்டு வாங்கிக் கொடுத்தார். இவரிடம் சொன்னதற்கு, "அப்ப நீ தண்ணி, மோட்டாரு அவரு. பேரு மோட்டாருக்குத்தான் வரும்" என்கிறார். அவருக்கு எல்லாமே மோட்டார்.

விரலை விட்டு எண்ணிக்கொள்வேன் நான், இட்லிக்கு ஊறப்போடுகிற மாதிரி, எது முதலில் எது பிறகு. ஒன்று, அனுபவச் சான்று. இரண்டு, மாநிலத் தேர்வு, உதவி அரசு வழக்கறிஞர். மூன்று, அங்கே சில வருஷம், கொலைக் கேஸ் கொள்ளைக் கேஸ். நாலு, டெல்லிக்கு விண்ணப்பம். ஐந்து, சி.பி.ஐ.யின் அரசு வழக்கறிஞர். சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் ஒரு சாண்தான், ஆனால் எண்ணும்போதெல்லாம் முதல் விரலிலேயே நகம் மாட்டிக்கொள்கிறது. சென்னையில் இருக்கிற என் காலேஜ் சேக்காளி ஹசீனா, "நேரா டெல்லிக்கே எழுதுடி, இதென்ன டவுன் பஸ்ஸு, ஊர் ஊரா நின்னு போக" என்கிறாள். டெல்லியில் நேர்முகத்தில் இங்கிலீஷில் கேட்பார்கள், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் கணக்கும் விளையாட்டும் சேர்த்து எடுத்தார், ஏதாவது கேட்டால் நான் அவர் மாதிரி விசில் ஊதிவிடுவேன். வயசு வேறு. இருபத்தொன்பது முடிந்து ஏழு மாசம். ரெண்டாவது பிள்ளையை எந்த விரலுக்கும் எந்த விரலுக்கும் நடுவில் வைப்பது. இதையெல்லாம் யார் தலையில் போட்டது என்றால் ஒரே ஒரு மத்தியானம். மதுரையில் ஒரு பேங்க் மோசடி கேஸுக்குச் சீனியருக்குக் கட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே சி.பி.ஐ. தரப்பில் ஒரு அம்மா. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, தன் கட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். எங்களிடம் ஒரு கடிதத்தின் நகல் இல்லை, அது இல்லை என்பதே எங்களுக்குத் தெரியாது. அவர் எழுந்து வந்து, "இது உங்ககிட்ட இருக்காதுன்னு நெனைக்கிறேன், உங்க கட்சிக்காரருக்குச் சாதகமா இருக்கு, வச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். சீனியர் வெளியே வந்து சிரித்தார், "பைத்தியம்" என்றார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்படி ஒரு நாற்காலி இருக்கிறதா, எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார முடிகிற ஒரு நாற்காலி. இருந்தால் அதில் நான் உட்கார வேண்டும். அவ்வளவுதான், வேறு காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, இவரிடம்கூடச் சொல்லத் தெரியவில்லை, "சி.பி.ஐ. அம்மா, சாம்பார்ல உப்பைக் களவாண்டது யாரு, கண்டுபிடிங்க" என்று கேலி செய்துவிட்டு மறுநாளே எனக்காகப் பஸ் பாஸுக்கு வரிசையில் நின்றார். பதினேழு. சீக்கிரமாகப் போகிறது. இவ்வளவு சீக்கிரம் போக வேண்டாம்.

குறுக்கு விசாரணை செய்தால் சீனியர் என் சான்றில் கையெழுத்துப் போட மாட்டார், செய்யாவிட்டால் அந்தச் சான்றில் எழுத ஒரு நம்பர் இல்லை. இந்தப் பக்கம் போனால் கிணறு அந்தப் பக்கம் போனால் வாய்க்கால் என்றால்கூடப் பரவாயில்லை, நீந்திவிடலாம், நான் கண்மாயில் பழகியவள். விஷயம் அது மட்டும் இல்லை. விஷயம் வெளியே வராந்தாவில் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, பஞ்சவர்ணம். சத்துணவு சமையல்காரம்மா, ஐம்பது வயசு இருக்கும், புகார் கொடுத்தவர், முதல் சாட்சி. போன வருஷம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது ரெண்டு பேர் வண்டியில் வந்து தாலிச் செயினை அறுத்துப் போனார்கள். முதல் விசாரணையில் கூண்டில் நின்று, அரசு வக்கீல் கேட்க, எங்கள் கட்சிக்காரனைக் கை காட்டி இவர்தான் என்றார். சூரியபிரகாஷ், டயர் கடையில் வேலை. அதற்குப் பிறகு குறுக்கு விசாரணைக்கு ஆறு தடவை வந்துவிட்டார், ஆறு தடவையும் திரும்பிப் போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் எண்பது பிள்ளைகளுக்குச் சமைக்க வேறு ஆளைக் கெஞ்சிப் பிடித்து, ரெண்டு பஸ் மாறி வருகிறார். ஆறு வாய்தாவும் வாங்கியது நான். என் பேர் எதிலும் இல்லை என்றார் அலுவலக அம்மா, அந்த ஆறு வாய்தாவில் இருக்கிறது, பஞ்சவர்ணம் வாங்கின ஆறு பஸ் டிக்கெட்டில் இருக்கிறது. நான் அரசு வக்கீலாகப் போய் யாருக்காக எழுந்து நிற்கப் போகிறேன் என்று நினைத்தேனோ, அவரைத்தான் அஞ்சு மாசமாக உட்கார வைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். சரி, தொழில். தொழில் என்று சொன்னால் மனசு கேட்கும். ஆனால் அந்த "ம்" கேட்க மாட்டேன் என்கிறது.

நாலாவது வாய்தா அன்றைக்கு. பால் கட்டி உயிர் போகிறது, பெண்களுக்கு என்று ஒரு அறை இங்கே கிடையாது, பழைய கட்டுகள் வைக்கிற அறைக்குப் பின்னால் குழாயடிப் பக்கம் ஒதுங்கினேன். கதவு இல்லை. பஞ்சவர்ணம் வந்தார், என்ன ஏது என்று கேட்கவில்லை, பார்த்ததும் புரிந்துகொண்டு, முந்தானையை விரித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றார். "நான் மறைச்சு நிக்கிறேன், நீ பாரு தாயி." நான் பீய்ச்சிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பிள்ளைக்கு எத்தனை மாசம், பல் வந்துவிட்டதா என்று கேட்டார். அப்புறம் திரும்பாமலே, "நீதானே தாயி கவர்மெண்டு வக்கீலு" என்றார். என் வாயில் சேஃப்டி பின் இருந்தது. "ம்" என்றேன். பின் இருந்தது உண்மை. பின்னை எடுத்துவிட்டு இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும் என்பதும் உண்மை. அந்த ஒரு விநாடி, பொய் சொல்லக்கூடாது, அந்த ஒரு விநாடி எனக்கு இனித்தது. கவர்மெண்டு வக்கீலு. ஒருத்தர் என்னை அப்படிக் கூப்பிட்டுவிட்டார், நான் ஆமாம் என்றுவிட்டேன், வேலை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்னார். முந்தானை லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. "அன்னிக்கு நான் மூஞ்சியவே பாக்கல தாயி. முதுகுதான் பாத்தேன், பச்சைச் சட்டை, அம்புட்டுதான். ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயி ஒருத்தன நிறுத்தி இவன்தானேன்னாங்க. இருக்கும்னுட்டேன். கோர்ட்டுல கை காட்டுன்னாங்க, காட்டிட்டேன். இப்ப கஞ்சி எறங்க மாட்டேங்குது. நீ சொல்லு, நான் என்ன செய்ய." நான் என்ன சொன்னேன். பாத்துக்கலாம்மா என்றேன். பாத்துக்கலாம். உள்ளே போய் ஐயா, குழந்தைக்குக் காய்ச்சல் என்று வாய்தா வாங்கினேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சீனியரிடம் சொன்னால் குதிப்பார், இதை வைத்து ஒரே கேள்வியில் கேஸை முடித்துவிடலாம். அடையாள அணிவகுப்பு நடத்தாமல் ஸ்டேஷனில் ஆளைக் காட்டியது ஒன்று போதும். சொல்லாமல் வைத்திருக்கிறேன். நல்லவள் என்பதால் இல்லை, திருட்டுப் பண்டம் மாதிரி இருக்கிறது, எடுத்துக் கட்டவும் முடியவில்லை வீசவும் முடியவில்லை. கேட்டால், தன் வக்கீல் என்று நம்பிச் சொன்னதை வாங்கி அவர் மேலேயே எறிந்தவள் ஆவேன். கேட்காவிட்டால், செய்தானோ இல்லையோ என்று தெரியாத ஒருவன் ஜெயிலுக்குப் போவதை, தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தவள் ஆவேன். மூன்றாவது ஒன்று இருக்கிறது, வாய்தா. வாய்தா வாங்கினால் எதுவும் ஆக வேண்டாம். இப்போதுதான் புரிகிறது, ஐந்தாவதும் ஆறாவதும் நான் வாங்கின மாதிரி யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள், அவ்வளவு உருகி, அவ்வளவு நயமாக. சீனியருக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகத்தான் வாங்கியிருக்கிறேன். இருபத்தாறு. போன் மடியில் நடுங்குகிறது. இவர். படம் அனுப்பியிருக்கிறார், குட்டி வாயைச் சுற்றிக் கூழ், மீசை வைத்த மாதிரி. அவள் நன்றாக இருக்கிறாள். அவளுக்கு ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிற பிள்ளையை நான் இன்னும் அரை மணி நேரத்தில் நோயாளி ஆக்க வேண்டும். எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது, வடை பேசின வக்கீல் காலை மடக்கி வழி விட்டார்.

எதிர்த் தரப்புச் சாட்சியிடம் போய்ப் பேசினால் கலைக்கப் பார்க்கிறாள் என்பார்கள், கோர்ட் ஏட்டு தூணுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறார், நிற்கட்டும், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அவர் எதிரிலேயே நின்றேன். பஞ்சவர்ணம் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்காரவில்லை. "அம்மா, ஒரு விஷயம். நான் கவர்மெண்டு வக்கீல் இல்ல. அந்தாளோட வக்கீல். அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான் ம்முனு சொன்னது தப்பு." சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது தெரியும் தாயி." "எப்பத் தெரியும்?" "மொத வாய்தாவுலயே. ஏட்டு சொன்னாரு, அது எதிரி வக்கீலு, பேச்சு வச்சுக்கிறாதீங்கன்னு." அப்புறம் ஏன் என்னிடம் கேட்டீர்கள் என்றேன். "இல்லைன்னு சொல்வியான்னு பாத்தேன். ம்முன்ன. சரி, பொய் சொல்லியாச்சும் விசயத்த வாங்கிக்கிட்டா, நீ உள்ள போயி கேப்பேன்னு நெனச்சேன். எங்க ஆளுககிட்டச் சொன்னா வாய மூடும்மாங்கிறாங்க. நீயாச்சும் கேட்டா நான் சொல்லிருவேன்ல. நீ என்னடான்னா தேதி தேதியா வாங்கிட்டுப் போற. ஒவ்வொரு தேதிக்கும் எங்க பள்ளிக்கூடத்து சாரு என் சம்பளத்தப் பிடிக்காத கொறையா மொறைக்கிறாரு." உதட்டைப் பிதுக்கினார், கோபமா சிரிப்பா தெரியவில்லை. "கேக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. ஏதோ ஒரு தங்கக் கட்டியக் காமிச்சு, ஒஞ் செயின உருக்குனதுன்னு வச்சிருக்காங்களே, நான் இல்லைன்னு சொன்னா அது எனக்கு வருமா வராதா?" வரும் என்று சொல்ல வாய் வந்தது, ஆறுதலுக்கு, பழக்கம். "தெரியலம்மா. வராமலும் போகலாம். முன்னாடி மாத்திச் சொன்னதுக்கு உங்கள ஏதாவது கேப்பாங்க, அதையும் சொல்லிடறேன்." மரத்தடியில் யாரோ சோற்றுப் பொட்டலம் பிரிக்கிறார்கள், புளிச்சோறு வாசம். "தெரியலைன்னு சொன்ன ஒரே வக்கீலு நீதான்" என்றார். கேலிதான். அவர் கை மட்டும் வெறுங்கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தது, செயின் போன பிறகு போட்ட கயிறு, சாயம் போய் வெளுத்திருந்தது. நான் கேட்டால் அவருக்கு அது மட்டும்தான் மிச்சம். இதை நினைக்காமல் கேட்க முடியுமா. நினைத்துக்கொண்டு கேட்க முடியுமா. மனசு இங்கே வந்து மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது, கம்பி சிக்கிய காயில் மாதிரி, உள்ளே முப்பத்திமூணு என்று கூப்பிட்டார்கள்.

முப்பத்திநாலு. சூரியபிரகாஷ், சூரியபிரகாஷ், சூரியபிரகாஷ். மூன்று தடவை. அவன் வந்து கூண்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், என்னைப் பார்க்கவில்லை, சீனியரைத் தேடினான். நீதிபதியும் தேடினார். "சீனியர் வரலையா. என்னம்மா, ஏழாவது வாய்தாவா?" பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, அஞ்சரை வருஷம் பழகியது, தானாகவே போய்விடும், நான் ஒன்றும் செய்ய வேண்டாம், வாயைத் திறந்தால் போதும். "நானே குறுக்கு விசாரணை செய்றேங்கய்யா." குரல் எனக்கே மெலிசாகக் கேட்டது. "வக்காலத்துல இருக்கீங்களா?" "கடைசி வரியில இருக்கேங்கய்யா." அவர் கட்டைப் புரட்டினார், கண்டுபிடிக்க நேரமானது, அச்சு அவ்வளவு சின்னது. தட்டச்சர் பேர் கேட்டார். சொன்னேன். ஒரு தடவை சொன்னது போதவில்லை, சத்தமாக என்றார், சத்தமாகச் சொன்னேன். கோட்டுப் பையில் போன் நடுங்கியது, சீனியராகத்தான் இருக்கும், வாய்தா வாங்கியாச்சா என்று கேட்கிற மாதிரி விடாமல் நடுங்கியது. இந்தக் கேஸில் நான் ஜெயித்தால் அரசு தரப்பு தோற்ற தீர்ப்பில் என் பேர் இருக்கும், அதைத்தான் அரசு வக்கீல் வேலைக்கு நான் இணைக்க வேண்டியிருக்கும், ஹசீனாவிடம் சொன்னால் உருண்டு சிரிப்பாள். சான்றில் கையெழுத்துக்கு வேறு யார் காலில் விழ. மார்பு கல்லாக இருக்கிறது. பஞ்சவர்ணம் சாட்சிக் கூண்டில் ஏறினார், உண்மையைச் சொல்வதாகச் சொன்னார், சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார், அப்புறம் பார்வையை எடுத்துவிட்டார், எங்கள் இரண்டு பேருக்கும் முன்பின் தெரியாது என்கிற மாதிரி. நான் எழுதி வைத்திருந்த கேள்வித்தாளில் முதல் ஏழு கேள்வியும் சுற்றி வளைத்தது, தெருவிளக்கு எத்தனை, பஸ் எத்தனை மணிக்கு, சீனியர் பாணி, சாட்சியைக் களைக்க வைக்கிற பாணி. இந்தம்மா ஏற்கெனவே களைத்துத்தான் வந்திருக்கிறார். தாளை மடித்தேன். "செயினை அறுத்த ஆளோட முகத்தை அன்னிக்கு நீங்க பாத்தீங்களாம்மா?" அரசு வக்கீல் தலை நிமிர்ந்தார். பஞ்சவர்ணம் இரண்டு கையாலும் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "இல்லை." தட்டச்சு நின்றது. நீதிபதி, "சத்தமா" என்றார். "பாக்கலைங்கய்யா" என்றார் அவர், வெளியே வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும், சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், அடுத்து கேள் என்று. கேட்டேன்.